சாம்பாரில் உப்பு, பில்லில் வரி: மாநில வரி எப்படி இயங்குகிறது?

கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில் ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கும்போது ஓர் அண்டாவை நாலு பேர் தொடுவார்கள். ஒருவர் பருப்பை வேகவைப்பார். ஒருவர் காயைப் பார்த்துக்கொள்வார். இன்னொருவர் புளி கரைத்து ஊற்றுவார். கடைசி ஆள் கொதிக்கவிட்டுத் தாளித்து இறக்குவார். நாலு பேரும் தங்கள் பங்குக்கு உப்புப் போட வேண்டியவர்கள்தான். உப்பில்லாமல் வெந்த காயில் பிறகு எவ்வளவு போட்டாலும் ஏறாது. ஆனால் முன்னால் இருந்தவர் எவ்வளவு போட்டார் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாவிட்டால், ஆளாளுக்கு அளவாகப் போட்டும் சாம்பார் கரித்துப்போகும்.

தொழில்மீது மாநில அரசு போடும் வரியும் இப்படித்தான் வேலை செய்கிறது. வரியைக் குறைத்தால் தொழிற்சாலைகள் வந்து குவியும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. ஏற்றினாலும் ஒன்றும் ஆகாது, பணம் வந்தால் சரி என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இரண்டு பேருமே விகிதத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள். வரி எந்தக் கட்டத்தில் விழுகிறது, ஏற்கெனவே விழுந்தது கணக்கில் வருகிறதா, சொன்ன அளவு நாளைக்கும் நிலைக்குமா, வசூலான பணம் என்னவாகத் திரும்பி வருகிறது: தொழில் நடத்துகிறவரின் முடிவு இந்த நாலிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். நமக்கு அருகிலேயே இதற்கு எண்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது.

படி 1: ஆளுக்கொரு கை உப்பு

1937-ல் சென்னை மாகாணத்தில் ஆட்சிக்கு வந்த ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கள், சாராயக் கடைகள் மூடப்பட்டதும் மாகாணத்தின் வருமானத்தில் பள்ளம் விழுந்தது. அதை அடைக்க 1939-ல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. எல்லாச் சரக்குகளையும் தழுவிய பொது விற்பனை வரி என்பது இந்தியாவிலேயே அதுதான் முதல். மற்ற மாகாணங்கள் பின்னாலேயே வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு மாநிலங்களின் சொந்த வருவாயில் மிகப் பெரிய பங்கு இந்த வரியிலிருந்தே வந்தது.

இதில் 'பலமுனை வரி' என்ற முறை, சரக்கு கைமாறும் ஒவ்வொரு முறையும் மொத்த விலைமீது வரி போட்டது. அதன் விளைவு என்ன என்பதைப் பார்க்க, கோயம்புத்தூரில் ஒரு வெட் கிரைண்டர் உருவாவதை எடுத்துக்கொள்வோம். புரிவதற்காக எளிமைப்படுத்திய கணக்கு இது. விகிதம் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

லேத் பட்டறைக்காரர் மோட்டார் பாகங்களை 1,000 ரூபாய்க்கு விற்கிறார். வரி 40. மோட்டார் செய்பவர் 1,040 கொடுத்து வாங்கி, தன் வேலைக்கும் லாபத்துக்கும் 460 சேர்த்து 1,500-க்கு விற்கிறார். வரி 60. கிரைண்டர் பூட்டுகிறவர் அந்த 1,560-உடன் கல், டிரம், கூலி, லாபம் என்று 1,440 சேர்த்து 3,000-க்கு விற்கிறார். வரி 120. கடைக்காரர் 3,120-க்கு வாங்கி, தன் பங்கு 480 வைத்து 3,600 என்று விலை போடுகிறார். வரி 144. வாங்குகிறவர் கையிலிருந்து போவது 3,744 ரூபாய்.

இந்த நாலு பேரும் உண்மையில் சேர்த்த மதிப்பைக் கூட்டினால் 3,380 ரூபாய். வரியாகப் போனது 364. அரசிதழில் எழுதியிருப்பது 4 சதவீதம். வாங்கியவர் கொடுத்தது ஏறக்குறைய 10.8 சதவீதம். நாலு பேரில் எவரும் ஏமாற்றவில்லை. முன்னால் போட்ட உப்பின்மீதே அடுத்தவர் உப்பைப் போட்டுக்கொண்டு போனதால் வந்த கணக்கு இது.

இதைவிட முக்கியமான விளைவு இன்னொன்று உண்டு. பாகம், மோட்டார், கிரைண்டர், கடை நான்கையும் ஒரே பெரிய கம்பெனி தன் கூரைக்குக் கீழே வைத்துக்கொண்டால், கடைசி விற்பனையில் ஒரே ஒருமுறை 3,380-க்கு வரி கட்டும்: 135 ரூபாய் 20 காசு. அதே கிரைண்டரை நாலு சிறு பட்டறைகள் சேர்ந்து செய்தால் 364. ஆளுக்கொரு வேலையில் தேர்ந்து, ஒருவரிடம் ஒருவர் வாங்கி விற்கும் சிறுதொழில் கூட்டம்தான் கோயம்புத்தூரின் பலம். அந்தப் பலத்தையே தண்டிக்கிற வரி அது. பெரிய ஆலைக்குச் சலுகை என்று எந்தச் சட்டமும் எழுதாமலேயே, வரியின் அமைப்பு அந்தச் சலுகையைக் கொடுத்துவிட்டது.

சிக்கல் தெரியாமல் இல்லை. பல சரக்குகளுக்கு 'ஒருமுனை வரி' என்று முதல் விற்பனையில் மட்டும் வாங்கிப் பார்த்தார்கள். உடனே சிலர் தங்களுக்கு வேண்டிய இன்னொரு கம்பெனிக்கு முதல் விற்பனையைக் குறைந்த விலையில் காட்டிவிட்டு, அங்கிருந்து நிஜ விலைக்கு விற்றார்கள். வரி முதல் கட்டத்தோடு முடிந்துவிடுவதால் பிறகு சேர்ந்த மதிப்பு அரசின் கண்ணில் படவில்லை. ஒரே ஒரு கையில் உப்பை முழுக்க ஒப்படைத்தால், அந்தக் கை சுருங்கும்போது அண்டா முழுவதும் சப்பென்று ஆகிவிடும்.

படி 2: போட்டதைச் சொல்லிவிட்டுப் போகும் சமையல்காரர்

தீர்வு எளிமையானது. ஒவ்வொருவரும் தான் எவ்வளவு போட்டேன் என்பதை எழுதி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். அடுத்தவர் மொத்த அளவில் அதைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் போட வேண்டும். மதிப்புக் கூட்டு வரி என்ற வாட் முறையின் உயிர் இதுதான். அந்தச் சீட்டுதான் வரி பில். கழித்துக்கொள்ளும் உரிமைக்குப் பெயர் உள்ளீட்டு வரி வரவு. பட்டறைகளில் 'இன்புட் கிரெடிட்' என்பார்கள்.

அதே கிரைண்டரை இந்த முறையில் செய்து பார்ப்போம். பாகம் விற்பவர் 40 ரூபாய் வரி கட்டுகிறார். மோட்டார்காரருக்கு அந்த 40 வரவு என்பதால் அது அவர் செலவில் சேராது. 1,460-க்கு விற்று, வரியாக வரும் 58.40-ல் 40-ஐக் கழித்து 18.40 கட்டுகிறார். கிரைண்டர்காரர் 2,900-க்கு விற்று, 116-ல் 58.40 கழித்து 57.60 கட்டுகிறார். கடைக்காரர் 3,380-க்கு விற்று, 135.20-ல் 116 கழித்து 19.20 கட்டுகிறார். நாலையும் கூட்டினால் 135.20. பெரிய கம்பெனி ஒருமுறை கட்டியதும், நாலு பட்டறைகள் பகிர்ந்து கட்டியதும் இப்போது ஒன்று.

விகிதம் ஒரு துளியும் குறையாமல் வாடிக்கையாளரின் சுமை குறைந்தது. சிறியவருக்கும் பெரியவருக்கும் இடையே இருந்த ஏற்றத்தாழ்வும் போயிற்று. கூடவே ஒரு காவலும் கிடைத்தது. பில் இல்லாமல் வாங்கினால் வரவு கிடைக்காது என்பதால், வாங்குகிறவரே விற்பவரிடம் பில் கேட்கத் தொடங்கினார்.

2005 ஏப்ரல் 1-ல் பெரும்பாலான மாநிலங்கள் வாட் முறைக்கு மாறின. மேற்கு வங்க நிதியமைச்சராக இருந்த அசிம் தாஸ்குப்தாவின் தலைமையில் மாநில நிதியமைச்சர்கள் குழு ஐந்தாண்டுகள் பேசிப் பேசி உருவாக்கிய ஒப்பந்தம் அது. வணிகர்களின் எதிர்ப்பு, வருவாய் குறையுமோ என்ற அச்சம் எல்லாவற்றையும் தாண்டி, தமிழ்நாடு 2007 ஜனவரி 1-ல் சேர்ந்தது.

படி 3: எல்லையில் நின்ற லாரிகள்

வாட் ஒரு மாநிலத்துக்குள் நடந்த சமையலைத்தான் சீர்செய்தது. அண்டாவை அடுத்த மாநிலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனால் பழைய கதைதான். கோயம்புத்தூர் கிரைண்டர் பெங்களூரு வியாபாரிக்கு நேராக விற்கப்பட்டால் மத்திய விற்பனை வரி விழும். வாங்குகிறவர் 'சி ஃபார்ம்' என்ற படிவத்தைக் கொடுத்தால் 4 சதவீதம். அது 2007-ல் 3 ஆகவும் 2008-ல் 2 ஆகவும் குறைந்தது. ஃபார்ம் வராவிட்டால் கூடுதல் விகிதம். அந்த வரியைக் கர்நாடகத்தில் கழித்துக்கொள்ளவும் முடியாது.

அதனால் கம்பெனிகள் ஒரு வழி கண்டுபிடித்தன. பெங்களூருவில் சொந்தமாக ஒரு டெப்போ திறந்து, சரக்கை விற்காமல் 'இடமாற்றம்' செய்து, அங்கிருந்து உள்ளூர் விற்பனையாகக் காட்டினால் மத்திய விற்பனை வரி கிடையாது. நாடு முழுவதும் பெரிய நிறுவனங்கள் மாநிலத்துக்கொரு கிடங்கு வைத்திருந்ததற்கு இதுவே முக்கியக் காரணம். எந்த ஊரில் கிடங்கு வைத்தால் போக்குவரத்துச் செலவு குறையும் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டியதை, எந்தக் கோட்டைத் தாண்டினால் வரி வரும் என்று பார்த்து முடிவெடுத்தார்கள். வாடகை, காவலாள், கணக்குப்பிள்ளை, தேங்கிக் கிடக்கும் சரக்கு எல்லாம் விலையில் ஏறின. அரசுக்கும் ஒரு காசு வரவில்லை, வாடிக்கையாளருக்கும் பயனில்லை. வரிக் கொள்கையால் ஏற்படும் நஷ்டங்களில் மோசமானது இதுதான்: யார் கைக்கும் போகாத பணம்.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குப் போனவர்களுக்கு வாளையார் சோதனைச் சாவடி நினைவிருக்கும். கிலோமீட்டர் கணக்கில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். காகிதம் சரிபார்க்கும்வரை ஓட்டுநர்கள் சாலையோரத்தில் சமைத்துச் சாப்பிட்டு, லாரிக்கு அடியிலேயே படுத்துக் கிடப்பார்கள். அந்தக் காத்திருப்புக்கு எந்தச் சட்டத்திலும் விகிதம் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அது வரிதான். ஒவ்வொரு மூட்டைக்கும் ஏறியது.

2017 ஜூலை 1-ல் வந்த ஜிஎஸ்டி என்ற சரக்கு மற்றும் சேவை வரி இந்த எல்லைக் கோட்டை அழித்தது. மாநிலம் தாண்டும் சரக்குக்கும் வரவு தொடர்ந்து போகும் என்றானது. சில நாள்களிலேயே பெரும்பாலான மாநிலங்கள் வணிக வரிச் சோதனைச் சாவடிகளை எடுத்தன. கம்பெனிகள் பல சிறு கிடங்குகளை மூடிவிட்டுச் சில பெரிய கிடங்குகளுக்கு மாறத் தொடங்கின.

இதற்கு மாநிலங்கள் விலை கொடுத்தன. ஜிஎஸ்டியில் வரி சரக்கை நுகரும் மாநிலத்துக்குப் போகிறது, செய்கிற மாநிலத்துக்கு அல்ல. உற்பத்தி மிகுந்த தமிழ்நாடு இதனால்தான் கடைசிவரை தயங்கியது; 2016 ஆகஸ்டில் அரசமைப்புத் திருத்த மசோதா மாநிலங்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தபோது, தமிழ்நாட்டின் ஆளுங்கட்சியாக இருந்த அதிமுக வெளிநடப்புச் செய்தது. வருவாய் இழப்புக்கு ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சி என்ற கணக்கில் ஐந்தாண்டு ஈட்டுத்தொகை தரப்பட்டது. 2022 ஜூன் மாதத்தோடு அது முடிந்தது. விகிதத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஜிஎஸ்டி மன்றத்துக்குப் போயிற்று. அங்கே ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை; எந்த முடிவுக்கும் நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை. ஒன்றிய அரசு ஒத்துக்கொள்ளாமல் எதுவும் நிறைவேறாது.

படி 4: யார் குறைவாகப் போடுவது என்ற போட்டி

கொஞ்சம் பின்னால் போவோம். 1991-க்குப் பிறகு தொழிற்சாலையை எங்கே தொடங்கலாம் என்ற முடிவு டெல்லியின் உரிமத்திலிருந்து விடுபட்டது. மாநிலங்கள் நேரடியாக முதலீட்டாளர்களைத் தேடிப் போயின. கையில் இருந்த எளிய ஆயுதம் விற்பனை வரி. இத்தனை ஆண்டுகளுக்கு வரி விலக்கு, இத்தனை ஆண்டுகளுக்கு வரி தள்ளிவைப்பு என்று சலுகைகள் வந்தன. தள்ளிவைப்பு என்றால், வாடிக்கையாளரிடம் வசூலித்த வரியைக் கம்பெனியே வட்டியில்லாமல் வைத்திருந்து, பல ஆண்டுகள் கழித்துக் கட்டலாம். பாண்டிச்சேரியின் குறைந்த வரியை நம்பி எல்லைக்கு அந்தப் பக்கம் எழுந்த தொழிற்பேட்டைகளையும், சென்னைச் சாலைகளில் ஓடும் பாண்டிச்சேரிப் பதிவெண் கார்களையும் தமிழ்நாட்டவர் நன்றாக அறிவார்கள்.

ஒரு மாநிலம் குறைத்தால் அடுத்ததும் குறைத்தது. எப்படியும் இந்தியாவில் ஏதோ ஓர் இடத்தில் வந்திருக்கும் ஆலை ஒன்று ஓசூருக்கு வருமா வேறு ஊருக்குப் போகுமா என்பதுதான் பெரும்பாலும் தீர்மானமானது. ஆனால் வரி எல்லோருக்கும் குறைந்தது. ஊர்ச்சமையலில் ஒவ்வொரு வீடும் உப்பைக் குறைத்துக்கொண்டே போனதால் கூட்டம் கூடவில்லை, எல்லா அண்டாவும் சப்பென்றானது.

இதை மாநிலங்களே உணர்ந்தன. 1999 நவம்பரில் முதலமைச்சர்கள் மாநாட்டில், 2000 ஜனவரி 1 முதல் எல்லோரும் குறைந்தபட்ச விகிதத்துக்குக் கீழே போவதில்லை என்றும், புதிய தொழில்களுக்கு விற்பனை வரிச் சலுகை தருவதில்லை என்றும் முடிவெடுத்தார்கள். ஐந்து ஆண்டுகளில் வந்த வாட் முறைக்கு அடித்தளமே அந்தப் போர்நிறுத்தம்தான். ஆனாலும் போட்டி முழுவதும் அடங்கவில்லை. முதலீட்டு மானியம், மாநில ஜிஎஸ்டியைத் திருப்பித் தருதல், முத்திரைத்தாள் வரி விலக்கு என்று வேறு பெயர்களில் இன்றும் தொடர்கிறது.

படி 5: உப்பையே எடுத்துவிட்டால்?

அப்படியானால் வரியை மொத்தமாக எடுத்துவிட்டால் வளர்ச்சி வராதா? முழுவதுமாக இல்லாவிட்டாலும், இந்தத் திசையில் ஒரு மாநிலம் நிஜமாகவே போய்ப் பார்த்திருக்கிறது. அமெரிக்காவின் கான்சாஸ். அங்கே மாநிலங்களே தனியாக வருமான வரி போட முடியும். 2012-ல் ஆளுநர் சாம் பிரவுன்பேக் கையெழுத்திட்ட சட்டம் உச்ச விகிதத்தை 6.45-லிருந்து 4.9 சதவீதமாகக் குறைத்தது. கூட்டாண்மை, தனிஉரிமை, சிறு கம்பெனிகள் வழியாக வரும் தொழில் வருமானத்துக்கு மாநில வரியே இல்லை என்றது. தொழில்முனைவோர் குவிவார்கள், வேலை பெருகும், வருவாய் தானாக ஈடாகும் என்பது நம்பிக்கை.

முதல் முழு நிதியாண்டிலேயே வருவாய் சுமார் 70 கோடி டாலர் சரிந்தது. தொழில் வருமானம் என்று விலக்குக் கோரியவர்களின் எண்ணிக்கை மூன்று லட்சத்தைத் தாண்டி, எதிர்பார்த்ததைவிட வெகுவாக ஏறியது. வரி விவரங்களைப் பின்னர் ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள், பெரும்பாலும் வருமானத்தின் பெயர்தான் மாறியது, புதிய தொழில் நடவடிக்கை பெருகவில்லை என்று கண்டார்கள். 2014-ல் மூடீஸ், எஸ் அண்ட் பி என்ற தர நிர்ணய நிறுவனங்கள் இரண்டும் மாநிலத்தின் கடன் தரத்தைக் குறைத்தன. நெடுஞ்சாலைக்கு ஒதுக்கிய பணம் அன்றாடச் செலவுக்கு எடுக்கப்பட்டது. 2015-ல் விற்பனை வரியை 6.15-லிருந்து 6.5 சதவீதமாக ஏற்ற வேண்டியதாயிற்று. அதாவது தொழில் வருமானத்துக்குக் கொடுத்த விலக்கின் ஒரு பகுதியை மளிகைக் கடையில் நிற்பவர் கட்டினார். பள்ளிகளுக்கான நிதி போதவில்லை என்று 2017 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூன் மாதம், ஆளுநரின் சொந்தக் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம், அவருடைய தடையுரிமையை மீறி வாக்களித்து விலக்கை நீக்கியது.

வரி தொழிலைப் பாதிக்காது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. இயக்கமுறை வேறு: வரிக் குறைப்பு ஒரு தொழிலுக்கு மிச்சப்படுத்துவது ஓரளவு பணம், ஆனால் தொழில் நடப்பதற்குச் சாலையும் பள்ளியும் நம்பத்தக்க அரசும் வேண்டும். முதலாவதற்காக இரண்டாவதை விற்றால் கணக்கு நேராவதில்லை.

படி 6: கொதிக்கும்போது அளவை மாற்றாதே

தொழில்முனைவோரிடம் பேசினால், வரி அதிகம் என்பதைவிட அடிக்கடி காதில் விழுவது 'நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை' என்பதுதான். பத்தாண்டுக் கடனில் இயந்திரம் வாங்குகிறவருக்குப் பத்தாண்டுக் கணக்கு வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. சிறப்புப் பொருளாதார மண்டலம், வரியைத் திருப்பித் தருதல் என்ற ஒப்பந்தங்களோடு வந்த ஆலை அது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் முதல் சம்பளத்தை அங்கேதான் வாங்கினார்கள். 2013-ல் வருமான வரித் துறை மென்பொருள் உரிமத்தொகை தொடர்பாக 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. 2014-ல் தமிழ்நாட்டு வணிக வரித் துறை, கைபேசிகள் ஏற்றுமதியாகவில்லை என்று கூறிச் சுமார் 2,400 கோடி கேட்டது. நிறுவனம் இரண்டையும் மறுத்தது. அந்த ஏப்ரலில் நோக்கியா தன் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, வழக்கால் சொத்து முடக்கப்பட்டிருந்த சென்னை ஆலை மட்டும் விற்பனைக்கு வெளியே நின்றது. நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. ஸ்மார்ட்போன் சந்தையில் நோக்கியா பின்தங்கியதும் பெரிய காரணம்தான். ஆனால் இன்னொரு கைக்கு மாறிப் பிழைத்திருக்கக்கூடிய வழியை வரி வழக்கு அடைத்தது. அந்தக் கட்டடத்தில் மீண்டும் உற்பத்தி தொடங்க சால்காம்ப் நிறுவனம் வரும்வரை ஐந்தாண்டுகள் பூட்டிக் கிடந்தது.

இந்தச் சட்டப்போரின் நியாயம் எந்தப் பக்கம் என்பது வேறு விஷயம். எது ஏற்றுமதி, எதற்கு விலக்கு என்ற வரையறையை ஆலை கட்டும் முன்பே ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதிவைப்பதும், பிரச்சினை வந்தால் மாதக்கணக்கில் முடிப்பதும் அரசின் கடமை. அது விகிதத்தைக் குறைக்காமல், ஒரு ரூபாய் வருவாயும் இழக்காமல் தரக்கூடிய சலுகை.

சிறியவருக்கும் இதே நிலைதான். நம் வெட் கிரைண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதமாக இருந்தது. உள்ளே போகும் மோட்டார் போன்றவற்றுக்கு 18. வாங்கும்போது கட்டிய வரி, வசூலிக்கும் வரியைவிட அதிகம். மிச்சத்தைத் திருப்பிக் கேட்டு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். அதைச் சரிசெய்வதாக 2022 ஜூலை 18 முதல் கிரைண்டருக்கே 18 என்று ஆக்கினார்கள். உள்ளே வெளியே ஒரே அளவு என்பதால் ரீஃபண்ட் கணக்கின் சிக்கல் தீர்ந்தது. ஆனால் இட்லி மாவு அரைக்கும் வீட்டுச் சாமானின் வரி ஒரே நாளில் மும்மடங்குக்கு மேல் ஏறியது. பாகங்களின் விகிதத்தை இறக்கியும் அதே சிக்கலைத் தீர்த்திருக்கலாம். எந்தப் பக்கமிருந்து சரிசெய்வது என்பதில்தான் கொள்கை இருக்கிறது.

இன்னொரு நுணுக்கம் காலம். லேத் பட்டறைக்காரர் இந்த மாதம் பில் போட்டால், வழக்கமாக அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள் வரியைக் கட்ட வேண்டும். சரக்கு வாங்கிய பெரிய கம்பெனி தொண்ணூறு நாள் கழித்துத்தான் பணம் கொடுக்கும். தன் கைக்கு வராத பணத்துக்கு வரியை முன்பணமாகக் கட்டுகிறார், அதற்குக் கடன் வாங்குகிறார், வட்டி கட்டுகிறார். ஏற்றுமதியாளருக்கு ரீஃபண்ட் தாமதமானாலும் இதேதான். 18 சதவீத வரியைவிட அதற்கான மூன்று மாத வட்டிதான் சில பட்டறைகளைச் சாய்க்கிறது.

படி 7: மாநிலத்தின் கையில் இன்னும் என்ன இருக்கிறது?

ஜிஎஸ்டிக்குப் பிறகு மாநிலத்துக்கு அதிகாரமே இல்லை என்பது பாதி உண்மை. பெட்ரோல், டீசல், மது மூன்றும் மாநில வரிக்குள் இருக்கின்றன. பத்திரப் பதிவு, வாகன வரி, மின்நுகர்வு வரி மாநிலத்துடையவை. சொத்து வரியும் தொழில் வரியும் மாநிலச் சட்டத்தின்படி உள்ளாட்சிக்குப் போகின்றன. ஆண்டு வணிகம் ஒன்றரைக் கோடிக்குக் குறைந்த ஜிஎஸ்டி வணிகர்களில் 90 சதவீதம் பேரின் கோப்பு மாநில அதிகாரிகளிடமே இருக்கிறது. ரீஃபண்ட் எவ்வளவு சீக்கிரம் வருகிறது, நோட்டீசில் எவ்வளவு தெளிவு, அலுவலகத்தில் எத்தனை நடை என்பதெல்லாம் மாநிலம் தீர்மானிப்பவை.

இவற்றில் டீசல் வரியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அது ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் லாரிக்காரர் கட்டிய டீசல் வரியை யாரும் கழித்துக்கொள்ள முடியாது. கல் வரும் லாரி, மோட்டார் போகும் வேன், கிரைண்டர் போகும் கன்டெய்னர் எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொண்டு அடுத்த வரிக்கும் அடிப்படையாகிறது. மின்நுகர்வு வரியும் அப்படியே. 1939-ன் பழைய நோய் இங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது: சீட்டில் எழுதாமல் போடப்படும் உப்பு.

பத்திரப் பதிவும் அப்படி ஒன்று. தமிழ்நாட்டில் 2023-ல் பதிவுக் கட்டணத்தை 4-லிருந்து 2 சதவீதமாகக் குறைத்தார்கள்; நிலத்துக்கு அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை 2017-க்கு முன்பிருந்த நிலைக்கு ஏற்றினார்கள். முத்திரைத்தாளோடு சேர்த்து நூற்றுக்கு 9. ஒரு கோடிக்கு நிலம் வாங்கிப் பட்டறை போடுகிறவர், முதல் செங்கல் வைக்கும் முன்பே ஒன்பது லட்சம் கட்டுகிறார். லாபம் வந்தபின் விழும் வரியைவிட, தொடங்கும் முன்பே விழும் வரி புதியவரை அதிகம் தடுக்கும். சிப்காட் போன்ற அரசு அமைப்புகள் நிலத்தைக் குத்தகைக்குத் தருவதில் ஆலைகளுக்கு ஆறுதல் உண்டு. தனியாக நிலம் தேடும் சிறுதொழிலுக்கு அது எட்டுவதில்லை.

இனி வசூலின் மறுபக்கம். 1950-களில் காமராஜர் ஆட்சி திறந்த பள்ளிகளும், மதிய உணவும், மின் இணைப்புகளும், 1958-ல் தொடங்கிய கிண்டித் தொழிற்பேட்டையும் அரசுப் பணத்தில் எழுந்தவை. அன்று மாநிலத்தின் சொந்த வருவாயில் விற்பனை வரிதான் முதுகெலும்பாக இருந்தது. இன்று இந்தியாவில் தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருக்கிறது. நாட்டின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேர் இந்த ஒரு மாநிலத்தில் இருக்கிறார்கள். படித்த பெண்கள் தொழிற்சாலைக்கு வரத் தயாராக இருக்கும் மாநிலம் ஒரே நாள் சலுகையில் உருவாவதில்லை. இரண்டு தலைமுறையாகக் கட்டிய வரியில் உருவானது. எந்த அண்டை மாநிலமும் அதை அடுத்த பட்ஜெட்டில் நகலெடுக்க முடியாது.

ஒரு வரி அறிவிப்பை எப்படி எடைபோடுவது?

அடுத்த முறை நிதியமைச்சர் ஒரு சலுகையையோ உயர்வையோ அறிவிக்கும்போது நாலு கேள்விகளைக் கேளுங்கள். இந்த வரி வரவாகக் கழியுமா, அல்லது விலையில் ஒட்டிக்கொண்டே போகுமா? தொழில் தொடங்கும் முன் விழுகிறதா, சம்பாதித்த பின் விழுகிறதா? இந்த அளவு ஐந்து ஆண்டுகளுக்கு மாறாது என்று எழுத்தில் உறுதி இருக்கிறதா? இதனால் கிடைக்கும் அல்லது இழக்கும் பணம் எந்தச் சாலைக்கும் எந்தப் பள்ளிக்கும் உரியது?

பெரிய ஆலைகளுக்குத் தரும் தனித்தனிச் சலுகைகளைப் பற்றி ஐந்தாவது கேள்வி ஒன்று உண்டு: எவ்வளவு கொடுத்தோம், எத்தனை வேலை வந்தது? ஒன்றிய அரசு வரிச் சலுகைகளால் தான் இழக்கும் வருவாயைப் பட்ஜெட்டோடு ஓர் அறிக்கையாக வெளியிடுகிறது. ஒவ்வொரு மாநிலமும், ஒப்பந்தம் ஒப்பந்தமாக, ஆண்டுதோறும் அப்படிச் சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும். ரீஃபண்ட் கேட்டு எத்தனை பேர் எத்தனை நாள் காத்திருக்கிறார்கள் என்பதையும் அதே அறிக்கையில் சேர்க்க வேண்டும். கோடிகளில் சலுகை பெறும் ஆலைக்கும், பதினெட்டாயிரம் ரூபாய் ரீஃபண்டுக்கு நடக்கும் லேத் பட்டறைக்கும் ஒரே பக்கத்தில் கணக்கு எழுதும் மாநிலத்தை நம்பி யாரும் முதல் போடலாம்.